கறுப்பு டி-ஷர்ட்டில் வெள்ளை எங்கிருந்து வருகிறது?

கல்லூரி விழா நெருங்கினால் டி-ஷர்ட் அடிப்பது ஒரு சடங்கு. டிசைன் தயார், சட்டை கறுப்பு. கம்ப்யூட்டர் திரையில் அருமையாக இருந்த படம் சட்டைக்கு வந்ததும் இரண்டில் ஒரு கோளாறு நடக்கும். வெள்ளையாக இருக்க வேண்டிய எழுத்து காணாமல் போயிருக்கும். அல்லது, லோகோவைச் சுற்றி யாரும் கேட்காத வெள்ளைக் கட்டம் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். எல்லோரும் பிரிண்டிங்காரரைத் திட்டுவார்கள். பாவம், பெரும்பாலும் அவர் கொடுத்ததைத்தான் அடித்திருப்பார்!

காரணம் எளிது. வீட்டிலும் கடையிலும் இருக்கும் சாதாரண கலர் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. சயான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு... அவ்வளவுதான். படத்தில் வெள்ளை வரும் இடத்தில் அது எதையும் அடிக்காமல் விட்டுவிடும். கண்ணுக்குத் தெரிவது காகிதத்தின் வெள்ளை. ஆகவே காகிதத்தில் 'வெள்ளை' என்பதும் 'ஒன்றுமில்லை' என்பதும் ஒன்றுதான். கலர் துணிக்கு வந்தால்தான் இரண்டும் பிரிகின்றன. அங்கே 'ஒன்றுமில்லை' என்றால் துணியின் நிறம். 'வெள்ளை' என்றால் அதை யாராவது உண்டாக்கியாக வேண்டும்.

இந்தத் தலைவலி கம்ப்யூட்டரோடு வந்தது அல்ல. துணியில் படம் போட்டவர்கள் பல நூற்றாண்டுகளாக இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அவர்கள் கண்டுபிடித்த வழிகள் மூன்று. வெள்ளையைக் காப்பாற்றுவது, நிறத்தை அழிப்பது, மேலே வெள்ளையைப் பூசுவது.

முதல் வழி: காப்பாற்றுவது

18-ம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் செய்த பூந்துணிகளுக்கு ஐரோப்பாவே மயங்கிக் கிடந்தது. பிரான்ஸ் தன் நெசவாளர்களைக் காப்பாற்ற 1686 முதல் 1759 வரை இந்த மாதிரித் துணிகளுக்குத் தடையே போட்டிருந்தது.

அந்தக் கைவினைஞர்களிடம் வெள்ளை மை இல்லை. துணியை வெளுத்து, கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைப்பார்கள். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரம் தடவுவார்கள். நீலம் வேண்டாத இடம் முழுக்க உருகிய மெழுகைப் பூசிவிட்டு, துணியை அவுரித் தொட்டியில் முக்குவார்கள். மெழுகு இருந்த இடத்தில் நீலம் ஏறாது. பிறகு வெந்நீரில் மெழுகை எடுத்துவிட்டு, சாயவேர் போட்டுக் கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் கெட்டியான சிவப்பாகும். மற்ற இடத்தில் ஏறும் லேசான சிவப்பு, சாணம் கரைத்த நீரிலும் வெயிலிலும் நாள்கணக்கில் வெளுத்துப் போகும். சிவப்புப் பூவுக்குள் தெரியும் மெல்லிய வெள்ளைக் கோடுகூட மெழுகால் முன்கூட்டியே காப்பாற்றி வைத்ததுதான்!

இந்த முறையை கேர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1742-ல் ஒரு நீண்ட கடிதமாக எழுதினார். அவருக்கு விவரம் சொன்னவர்கள் கிறிஸ்தவத்துக்கு மாறிய துணி ஓவியர்கள். கடிதம் பிரான்சில் அச்சாகி, பரம்பரை ரகசியம் கடல் கடந்துவிட்டது.

இரண்டாவது வழி: அழிப்பது

'பந்தனா' கைக்குட்டை எல்லோருக்கும் தெரியும். 'கட்டுதல்' என்ற பொருள் கொண்ட இந்திச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. துணியைப் புள்ளி புள்ளியாக நூலால் இறுகக் கட்டி சாயத்தில் போட்டால், கட்டிய இடம் வெள்ளையாக நிற்கும். வங்காளத்துப் பட்டுப் பந்தனாக்கள் இங்கிலாந்தில் நன்றாக விற்றன. ஆனால் ஒவ்வொரு புள்ளியையும் யாரோ ஒருவர் விரலால் கட்ட வேண்டும்.

ஐரோப்பியர்கள் இதைத் தலைகீழாக யோசித்தார்கள். முதலில் துணி முழுவதையும் சிவப்பாக்கு, பிறகு வேண்டிய இடத்தில் சிவப்பைக் கொன்றுவிடு! அதற்கான ஆயுதமும் கிடைத்தது. 1799-ல் கிளாஸ்கோவின் சார்லஸ் டென்னன்ட் பிளீச்சிங் பவுடருக்குக் காப்புரிமை பெற்றார். 1810-களின் தொடக்கத்தில் மியூலூஸ் நகரத்து டேனியல் கேக்லன், சிவப்புத் துணியில் ஒரு அமிலப் பசையை அச்சிட்டு, அதை பிளீச்சிங் பவுடர் கரைசலில் முக்கினார். அமிலம் பட்ட இடத்தில் மட்டும் குளோரின் வெளிப்பட்டு சிவப்பை அழித்தது. பளிச்சென்று வெள்ளை!

கிளாஸ்கோவில் ஹென்றி மான்டீத்தின் ஆலை இன்னொரு விதமாகச் செய்தது. புள்ளி வடிவில் துளையிட்ட ஈயத் தகடுகளுக்கு நடுவே பல அடுக்கு சிவப்புத் துணியை வைத்து பிரஸ்ஸில் நசுக்குவார்கள். துளை வழியே வெளுக்கும் திரவம் இறங்கும். இறுக அழுந்திய மற்ற இடத்தில் ஒரு சொட்டும் ஏறாது. ஒரே அழுத்தலில் பல கைக்குட்டைகள் தயார். விரலால் கட்டிக்கொண்டிருந்தவர்கள் இதோடு எப்படிப் போட்டி போட முடியும்? 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்தின் சிவப்புத் துணி இந்தியாவுக்கே பெரிய அளவில் ஏற்றுமதியானது.

திருப்பூர் பட்டறைகளில் 'டிஸ்சார்ஜ் பிரிண்ட்' என்பது இந்த வழியின் வாரிசுதான். ரசாயனம் மாறியிருக்கிறது, யோசனை அதேதான். துணியில் கைவைத்தால் அச்சே தெரியாது, அவ்வளவு மென்மை. ஆனால் அழியக்கூடிய சாயத்தில் நனைத்த துணியாக இருந்தால்தான் இது பலிக்கும்.

மூன்றாவது வழி: பூசுவது

சாயம் கண்ணாடி மாதிரி, அடியில் இருக்கும் நிறத்தை மறைக்காது. கறுப்பின் மேல் மஞ்சள் சாயம் போட்டால் கறுப்புதான். மறைக்க வேண்டுமென்றால் ஒளியைத் திருப்பி அனுப்பும் வெள்ளைத் துகள் வேண்டும். அந்த வேலையில் கெட்டிக்காரத் துகளான டைட்டானியம் டை ஆக்சைடு, 1916 வாக்கில் நார்வேயிலும் அமெரிக்காவிலும் தொழிற்சாலை அளவில் தயாராகத் தொடங்கியது. பிறகு பிளாஸ்டிசால் மை வந்தது. சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூடு பட்டால்தான் இது இறுகும். ஆகவே ஸ்கிரீனில் காய்ந்து அடைத்துக்கொள்ளாது. 1960-களில் பல கலர்களை வரிசையாக அடிக்கும் சுழல் மெஷினும் வந்ததும் டி-ஷர்ட் வியாபாரம் சூடு பிடித்தது.

கறுப்பு டி-ஷர்ட்டில் சிவப்பு ரோஜா அடிக்கிறார்கள் என்று வையுங்கள். முதலில் ரோஜா வடிவில் வெள்ளை 'பேஸ்' அடித்து, லேசாகக் காயவைத்து, அதன் மேல்தான் சிவப்பு. அந்த வெள்ளையை ஓரத்தில் ஒரு மயிரிழை சிறிதாக வெட்டுவார்கள், இல்லாவிட்டால் சிவப்புக்கு வெளியே வெள்ளை எட்டிப் பார்க்கும். நீரில் கரைத்து அடிக்கும் வெள்ளைப் பசைக்கு இந்தியப் பட்டறைகளில் 'காதி' என்று பெயர்.

2000-களில் சட்டையில் நேரடியாக மை தெளிக்கும் டிஜிட்டல் மெஷின்களும் வெள்ளையைக் கற்றுக்கொண்டன. சுலபமாக அல்ல. டைட்டானியம் துகள் தண்ணீரைப் போல நான்கு மடங்கு அடர்த்தி. மையின் அடியில் தங்கி மூக்கை அடைக்கும். அதனால் அதைச் சுழலவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். துணிக்கும் முன்கூட்டியே ஒரு உப்புக் கரைசல் தெளிக்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளை நூலுக்குள் இறங்கி மங்கிவிடும்.

கணக்கு எங்கே இடிக்கிறது?

வெள்ளைச் சட்டையில் இலவசமாகக் கிடைக்கும் வெள்ளை, கறுப்புச் சட்டையில் ஒரு தனி கலர். தனி ஸ்கிரீன், தனி மை, தனி உழைப்பு. கறுப்பு டி-ஷர்ட்டுக்கு அதிக ரேட் சொன்னால் அது ஏமாற்று அல்ல, செலவு.

ஃபைலிலும் இதே கதைதான். மெஷினுக்கு வெள்ளைப் பிக்சல் என்றால் 'அடி', டிரான்ஸ்பரன்ட் என்றால் 'விடு'. படத்துக்குப் பின்னால் சாம்பல் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அங்கே சட்டை தெரியும். வெறும் வெள்ளையாகத் தெரிந்தால் அங்கே வெள்ளைக் கட்டம் வரும்.

எங்கே வெள்ளை, எங்கே துணி? சோழமண்டலக் கரையில் மெழுகைக் கையில் எடுத்தவர் துணியைத் தொட்டியில் முக்கும் முன்பே இதை முடிவு செய்தாக வேண்டும். தப்பினால் பல நாள் உழைப்பு போச்சு. இன்று டிசைன் அனுப்புகிறவர் அதையே ஒரு நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். அந்த ஒரு நிமிடத்தைச் செலவழித்தால், பிரிண்டிங்காரரைத் திட்ட வேண்டிய வேலை மிச்சம்.