ஐக்கிய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல்

ஐக்கிய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, நவம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமையை அடுத்து வரும் செவ்வாய்க்கிழமையன்று நடைபெறும் மறைமுகத் தேர்தல் ஆகும். வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயர் இருந்தாலும், மக்கள் உண்மையில் தெரிவு செய்வது எலக்டர்கள் எனப்படும் தேர்வாளர்களையே. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்போர் இவர்களே.

வேட்பாளர் தெரிவு

வேட்பாளர் அமெரிக்கக் குடிமகனாகப் பிறந்தவராகவும், 35 வயது நிரம்பியவராகவும், 14 ஆண்டுகள் அந்நாட்டில் வசித்தவராகவும் இருத்தல் வேண்டும். கட்சிகள் மாநிலந்தோறும் முதனிலைத் தேர்தல் அல்லது காக்கசு எனப்படும் உறுப்பினர் கூட்டம் வாயிலாகப் பேராளர்களைத் தெரிவு செய்கின்றன. அவர்கள் தேசிய மாநாட்டில் கூடி வேட்பாளரை அறிவிக்கின்றனர்.

இம்முறை பழைமையானதன்று. 1968 இல் முதனிலைத் தேர்தல் எதிலும் போட்டியிடாத ஊபர்ட் அம்ஃப்ரியை சனநாயகக் கட்சி வேட்பாளராக்கியது. அதனால் எழுந்த எதிர்ப்பின் விளைவாக விதிகள் மாற்றப்பட்டு, 1972 முதல் சாதாரண வாக்காளரின் கை ஓங்கியது. எனினும் 2024 இல் முதனிலைத் தேர்தல்களில் வென்ற ஜோ பைடன் விலகியபின், கமலா ஆரிசைப் பேராளர்களே வேட்பாளராக்கினர்.

தேர்வாளர் குழு

மொத்தத் தேர்வாளர்கள் 538 பேர். ஒவ்வொரு மாநிலத்துக்கும் பிரதிநிதிகள் அவையிலும் செனட்டிலும் அதற்குள்ள உறுப்பினர்களின் கூட்டுத்தொகைக்குச் சமமான தேர்வாளர்கள் உண்டு, வாசிங்டன் டி.சி.க்கு மூவர். வெற்றிக்கு 270 தேவை. மேய்ன், நெப்ராசுகா தவிர்ந்த 48 மாநிலங்களில் முந்துபவருக்கே எல்லாத் தேர்வாளர்களும் கிடைப்பர். ஆகவே போட்டி நெருக்கமாக உள்ள சில மாநிலங்களிலேயே வேட்பாளர்கள் பரப்புரையைக் குவிக்கின்றனர்.

எல்லா மாநிலத்துக்கும் இரு செனட்டர்கள் என்பதால் சிறிய மாநிலங்களின் வாக்குக்கு எடை கூடுகிறது. 2020 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, வயோமிங்கில் ஏறக்குறைய 1.9 இலட்சம் பேருக்கு ஒரு தேர்வாளர், கலிபோர்னியாவில் 7.3 இலட்சம் பேருக்கு ஒருவர். நாடு முழுவதும் கூடுதல் வாக்குப் பெற்றவர் தோற்பதும் உண்டு. 2000 இல் அல் கோர் சுமார் 5 இலட்சம் வாக்குகள் அதிகம் பெற்றும், புளோரிடாவை 537 வாக்குகளில் இழந்ததால் ஜார்ஜ் புஷ் வென்றார். 2016 இல் இலரி கிளின்டனுக்கும் இதுவே நேர்ந்தது.

பெரும்பான்மை கிட்டாதபோது

தேர்வாளர்கள் டிசம்பரில் தத்தம் மாநிலத்தில் வாக்களிப்பர். சனவரி 6 அன்று காங்கிரசு அவற்றை எண்ணும். எவருக்கும் பெரும்பான்மை கிட்டாவிடின், மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற அடிப்படையில் பிரதிநிதிகள் அவை தெரிவு செய்யும். 1824 தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சன் முதலிடம் பெற்றிருந்தும், அவை ஜான் குவின்சி ஆடம்சைத் தெரிவு செய்தது. ஜாக்சன் 1828 இல் மீண்டும் போட்டியிட்டு அவரைத் தோற்கடித்தார்.