பிராக்கெட்டில் அடித்த எண்

“மாமா, இது சரியான பிராக்கெட்டான்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்” என்றான் அக்கா மகன். இங்கிலாந்தில் அவன் வீட்டுச் சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் ஓர் இரும்புத் துண்டை வைத்திருந்தான். ஈப்போ பட்டறைகளில் முப்பத்தெட்டு ஆண்டுகள் லேத் ஓட்டியவன் நான். ஈயச் சுரங்க பம்புகளுக்கு உதிரிகள் கடைந்துதான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். ஓர் இரும்பைக் கையில் எடுத்தால், அது எங்கே தேய்ந்தது, எங்கே அரம் பட்டது என்று விரலே சொல்லிவிடும்.

உரிமத்தோடு அவன் வைத்திருப்பது பிரிட்டிஷ் படையின் நம்பர் 4 (டி) துப்பாக்கி. இரண்டாம் உலகப் போரில் பிறந்தது. தொழிற்சாலையில் சுட்டுப் பார்த்து, குறி தப்பாதவற்றை மட்டும் பொறுக்கி, லண்டனில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். அங்கே அதன் இடப்பக்கத்தில் முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு எஃகுத் திண்டுகளைத் திருகி, நம்பர் 32 தொலைநோக்கியை ஏற்றுவார்கள். மூன்று மடங்கு பெரிதாக்கும் அந்தக் கண்ணாடி முதலில் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்காக வடிவமைக்கப்பட்டது. துப்பாக்கிக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருப்பதுதான் பிராக்கெட். இரண்டு கைத்திருகுகளைத் தளர்த்தினால் அது கழன்று வரும். திரும்ப மாட்டும்போது மயிரிழை பிசகாமல் பழைய இடத்திலேயே உட்கார வேண்டும்.

அதனால் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியாக ஒத்துப் பார்த்துப் பொருத்தினார்கள். துப்பாக்கியின் எண்ணை பிராக்கெட்டிலும், தொலைநோக்கியின் எண்ணைப் பின்கட்டையின் கழுத்திலும் அடித்தார்கள். மூன்றும் ஒரு குடும்பம். படையிலிருந்து கழித்து விற்றபோது குடும்பம் சிதறியது. கண்ணாடி ஒருவர் கைக்கும் பிராக்கெட் இன்னொருவர் கைக்கும் போயின. இன்று பிஸ்லி மைதானத்தில் பழைய துப்பாக்கிகளால் குறிபார்த்துச் சுடுபவர்கள் அந்தத் துண்டுகளைத்தான் தேடி அலைகிறார்கள்.

எனக்கு இந்தப் பழைய துப்பாக்கிகளில் அக்கறை வந்தது அப்பாவால். நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து லயத்தில். 1948 ஜூன் 16 அன்று அந்த வட்டாரத்தில்தான் எல்பில் தோட்டத்து மேனேஜர் ஆர்தர் வாக்கரை அலுவலகத்திலேயே கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றார்கள். அதே காலை இன்னொரு தோட்டத்தில் ஜான் அலிசனும், அவருடைய உதவியாளர் இயான் கிறிஸ்டியனும் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். லயங்களைச் சுற்றி முள்கம்பி வந்தது. வெட்டுக்குப் போகிறவர் சோறு எடுத்துப் போகக்கூடாது என்று கேட்டிலேயே வாளியைத் திறந்து பார்த்தார்கள். 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது.

காவலுக்கு வந்தவர்கள் பலரிடம் அப்பா பார்த்தது நம்பர் 5 துப்பாக்கி, ஜங்கிள் கார்பைன் என்பார்களே அது. 1944 முதல் 1947 வரை செய்தது. குட்டையானது, எடை குறைந்தது, தோளில் பதியும் இடத்தில் ஒரு ரப்பர்த் திண்டு உண்டு. “அதுல இருக்கிறது நம்ம வெட்டுன பாலுடா” என்பார் அப்பா. வெகுகாலம் நானும் நம்பினேன். ஆனால் 1942 முதல் 1945 வரை மலாயா ஜப்பானியர் கையில் இருந்தது. நேச நாடுகளுக்கு அப்போது இயற்கை ரப்பர் பெரும்பாலும் இலங்கையிலிருந்துதான் போனது. போர் முடியுமுன் செய்த திண்டென்றால் அது இலங்கைப் பாலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அங்கும் வெட்டியவர்களில் நம்மவர்கள் உண்டு. அப்பாவின் பெருமையில் குறையொன்றும் இல்லை, ஊர்தான் மாறுகிறது.

தொலைநோக்கி வைத்த துப்பாக்கியை அப்பா பார்த்ததே இல்லை. பால்மர நிரைக்குள் நின்றால் கொஞ்ச தூரம் நேராகத் தெரியும். நிரை முடிந்து காடு தொடங்கினால் இருபதடிக்கு அப்பால் இலைதான். 1000 கஜம் வரை அளவு குறித்த கண்ணாடிக்கு அங்கே வேலை குறைவு. பின்னாளில் எனக்கும் அந்த வாய்ப்பு இல்லை. அவசரகாலம் முடிந்த 1960இல் ஆயுதச் சட்டம் வந்தது. 1971இல் சுடுகலன்களுக்கான கூடுதல் தண்டனைச் சட்டம் வந்தது. பழைய துப்பாக்கியைப் பொழுதுபோக்காகச் சேர்ப்பது நம் ஊரில் நடக்கிற காரியம் இல்லை. அதனால்தான் அந்தக் காலத்து இரும்பை நான் முதன்முதலாகத் தொட்டதே அந்தச் சமையலறையில்.

பிராக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். போலி இல்லை. தேய்மானம் கைத்திருகுகள் பிடிக்கும் இடத்தில், இருக்க வேண்டிய விதத்தில் இருந்தது. கெய்ன்ஸ்பரோவில் மிட்டாய்க்குத் தாள் சுற்றும் இயந்திரங்கள் செய்த ரோஸ் பிரதர்ஸ் போர்க்காலத்தில் செய்ததன் குறியும் இருந்தது. துப்பாக்கியில் மாட்டினோம், ஆடாமல் உட்கார்ந்தது. ஆனால் அடித்திருந்தது வேறொரு துப்பாக்கியின் எண்.

“அரத்தால தேய்ச்சுட்டு நம்ம எண்ணை அடிச்சிடலாமா மாமா? உங்களுக்குக் கைவந்த வேலைதானே?” என்றான்.

கைவந்த வேலைதான். அரை மணி நேரம் போதும். மாட்டேன் என்றேன். அந்த எண்ணுக்குரிய துப்பாக்கி உலகத்தில் எங்கோ ஒருவர் அலமாரியில் இருக்கலாம். அவரும் இதைத்தான் தேடிக்கொண்டிருப்பார். நான் தேய்த்துவிட்டால் அவர் சாகும்வரை தேடினாலும் கிடைக்காது.

நான் இப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் தோட்டம் கைமாறி, பால்மரங்கள் விழுந்து, செம்பனை வந்தபோது, செக்ரோல் என்னும் பழைய ஆள் பதிவுப் புத்தகங்களைக் குப்பையோடு எரித்தார்கள். அப்பா எந்த ஆண்டு பேர் பதிந்தார், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எந்த எண்ணுக்குக் குரல் கொடுத்தார் என்பதெல்லாம் அதில் இருந்தன. தாள் இல்லாததால் குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு கடைசிவரை அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அழிந்த எண்ணை யாராலும் திரும்ப எழுத முடியாது.

அவன் பிராக்கெட்டை அப்படியே மாட்டிக்கொண்டான். துப்பாக்கிப் பெட்டிக்குள் ஒரு தாளில் இரண்டு எண்களையும், சேர்த்த தேதியையும் எழுதி வைத்தான்.

உங்கள் வீட்டிலும் பழைய உளியோ, தோட்டத்துச் சம்பளச் சீட்டோ, எண் அடித்த தகரமோ இருக்கலாம். மெருகேற்றுகிறேன் என்று தேய்த்துவிடாதீர்கள். இருப்பதை இருக்கிறபடியே எழுதி வையுங்கள். பொருந்தாவிட்டால், பொருந்தவில்லை என்றே எழுதுங்கள்.