அம்மா, மருமகள், வேட்பாளர்

1989 ஜனவரியில் வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் தேர்தல் கூட்டம் நடந்தால், இரவு பத்து மணிக்கு மேல் என் அம்மா சன்னலைச் சாத்திவிடுவாள். விலைவாசிப் பேச்சு அதற்குள் முடிந்திருக்கும். பிறகு மேடையில் அலசப்படுவது ஜெயலலிதாவின் நடத்தைதான். "தண்ணி வர்லனு கேட்டா பதில் இல்ல. இதுக்கு மட்டும் மைக்கு" என்பாள் அம்மா.

எம்.ஜி.ஆர். மறைந்து ஓராண்டு ஆகியிருந்தது. அ.தி.மு.க. இரண்டாக உடைந்து, ஜானகி அணி இரட்டைப் புறா சின்னத்திலும் ஜெயலலிதா அணி சேவல் சின்னத்திலும் நின்றன. தாலி யார் கழுத்தில் என்பதுகூட எங்கள் தெருவில் தேர்தல் பிரச்சினையானது. ஆனால் 'மனைவி' ஜானகி ஆண்டிபட்டியில் தோற்றார். ஜெயலலிதா போடிநாயக்கனூரில் வென்று, எதிர்க்கட்சித் தலைவரானார்.

ஆக, வசை வாக்குகளைத் தடுத்துவிடவில்லை. ஒரு பெண் எந்த உறவுமுறையோடு வந்தால் வாக்குக் கேட்கலாம் என்பதைத்தான் அது வரையறுத்தது. 1991இல் முதல்வரான ஜெயலலிதா, காலப்போக்கில் கட்சிக்கு 'அம்மா' ஆனார். மணமாகாத முன்னாள் நடிகைக்கு அந்தச் சொல் கவசமாயிற்று.

2016 தேர்தலில் பழைய வண்ணாரப்பேட்டையின் ஒரு பகுதியை உள்ளடக்கிய ஆர்.கே. நகரில் அவர் நின்றார். தி.மு.க. வேட்பாளர் சிம்லா முத்துச்சோழன் வழக்கறிஞர். ஆனால் அவர் பெரும்பாலும் அறிமுகமானது, இதே தொகுதியில் 1989இலும் 1996இலும் வென்ற சற்குண பாண்டியனின் மருமகளாக. விடுதலைச் சிறுத்தைகள் சார்பில் முன்னாள் துணைவேந்தர் வசந்தி தேவி. நாம் தமிழர் கட்சியில் திருநங்கை தேவி. ஜெயலலிதா 97,218 வாக்குகள், சிம்லா 57,673. அம்மா, மருமகள் என்ற அடைமொழி எதுவும் இல்லாத வசந்தி தேவி வெகு தொலைவில் மூன்றாம் இடம். இரு பெரிய கட்சிகளின் பலம்தான் இதற்கு முதல் காரணம். ஆனால் அந்தக் கட்சிகள் இரண்டும் முன்னிறுத்திய பெண்களுக்கு உறவுப் பெயர் தேவைப்பட்டதை மறக்க முடியாது.

தாய் என்ற கவசமும் முழுக் காப்பு அல்ல. 2021இல் ஆயிரம்விளக்குப் பிரச்சாரத்தில் எடப்பாடி பழனிசாமியைத் தாக்க ஆ. இராசா எடுத்துக்கொண்ட உவமை, பழனிசாமியின் தாயையே இழிவுபடுத்தியது. இராசா மன்னிப்புக் கேட்டார். தேர்தல் ஆணையம் அவருக்கு 48 மணி நேரம் தடை விதித்தது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(4) பிரிவு, வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றித் தெரிந்தே பொய் பரப்புவதை ஊழல் நடவடிக்கை என்கிறது. தேர்தலில் நிற்காத தாய்க்கும் மனைவிக்கும் அதில் இடமில்லை.

அந்த 2021 தேர்தலில் ஆண்களைவிடப் பெண் வாக்காளர்களே அதிகம். சட்டமன்றத்துக்குப் போன பெண்களோ 234 பேரில் 12 பேர்.

என் அம்மா 1989இல் யாருக்கு வாக்களித்தாள் என்று அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. சன்னலைச் சாத்தியது வெட்கத்தால் என்று அன்று நினைத்தேன். தண்ணீரைப் பற்றிப் பேசியிருந்தால் திறந்தே வைத்திருப்பாள்.