ஒரே நிறத்தில் ஒரு பண்டிகை வீடு





கடந்த சில ஆண்டுகளாக நம் சபைக் குடும்பங்களில் ஒரு புதிய பேச்சு எழுந்திருக்கிறது. கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு வீட்டை ஜோடிக்கும்போது எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கவேண்டும் என்பது இளையவர்களின் விருப்பம். மரம் வெள்ளை, அதில் தொங்கும் உருண்டைகள் வெள்ளை, தோரணம் வெள்ளை, விளக்கும் வெள்ளை. அல்லது முழுவதும் நீலம், முழுவதும் பொன்னிறம். பெரியவர்களுக்கு இது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாய் மின்னிய பழைய ஜிகினாத் தோரணங்கள் மூட்டையாகக் கட்டப்பட்டுப் பரண்மேல் ஏறும்போது அவர்கள் மனம் நோகிறது. "ஐயா, இது வெளிநாட்டு நாகரிகம், நமக்குத் தகுமா?" என்று அவர்கள் கேட்கிறார்கள். "ஐயா, இதில் என்ன தவறு?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இரு சாராரும் ஒரே வீட்டிலிருந்து வந்து கேட்பதும் உண்டு.

ஒரே நிறம் என்பது நமக்குப் புதியதா என்று முதலில் பார்ப்போம். நம் பகுதியில் கிறிஸ்துமஸ் வீட்டின் மிகப் பழைய அலங்காரமே ஒரே நிறத்தில் இருந்தது. அது சுண்ணாம்பின் வெள்ளை.

பொங்கலுக்கு ஊரார் வெள்ளையடிப்பார்கள். கிறிஸ்தவ வீடுகளில் அந்த வேலை டிசம்பரிலேயே முடிந்துவிடும். சுட்ட சுண்ணாம்புக்கல்லைத் தொட்டியில் இட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது கொதித்துப் பொங்கி நீர்த்துப்போகும். பிள்ளைகளை அருகே விடமாட்டார்கள். ஆறியபின் வடிகட்டி, துணிக்கு இடும் நீலத்தில் ஒரு சிட்டிகை கலந்து, தென்னை மட்டையின் நுனியை நசுக்கிச் செய்த தூரிகையால் சுவரில் பூசுவார்கள். ஈரத்தில் மங்கலாய்த் தெரியும் சுவர், காய்ந்தபின் கண்ணைக் கூசவைக்கும். நம் தோல் பதனிடும் ஊர்களில் இந்தச் சுண்ணாம்புக்கு இன்னொரு முகமும் உண்டு. பச்சைத் தோலிலிருந்து மயிரைக் கழற்றுவதற்கு அதைச் சுண்ணாம்புக் குழியில்தான் ஊறப்போடுவார்கள். ஆண்டு முழுவதும் அந்தக் குழியருகே நின்று கையும் காலும் வெந்தவர்கள், அதே சுண்ணாம்பைக் கரைத்து டிசம்பரில் தங்கள் வீட்டுச் சுவருக்குப் பூசினார்கள். தொழிலில் அவர்களுடைய தோலை அரித்த பொருள், பண்டிகையில் அவர்களுடைய வீட்டை வெளுப்பாக்கியது. இதை நான் கதைக்கு அழகாகச் சொல்லவில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு வட்டாரத்து முதியவர்களிடம் கேட்டுப்பாருங்கள்.

அந்த வெள்ளையை யாரும் அழகுக்கென்று தேர்ந்தெடுக்கவில்லை. மலிவாகக் கிடைத்த ஒரே நிறம் அதுவாக இருந்தது. ஆனால் வேறோர் இடத்தில் அதே வெள்ளை, ஆழ்ந்து யோசித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1524-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில், உல்ரிச் ஸ்விங்லியின் போதனையைத் தொடர்ந்து, ஆலயங்களிலிருந்த படங்களும் சிலைகளும் அகற்றப்பட்டு, சித்திரம் தீட்டிய சுவர்களின்மேல் வெள்ளை பூசப்பட்டது. கண் எதிலும் சிக்காமல் செவி வசனத்துக்குத் திறந்திருக்கவேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். அந்தச் சீர்திருத்த மரபில் வந்ததுதான், ஸ்கடர் சகோதரர்கள் 1853-இல் நிறுவிய அமெரிக்கன் ஆற்காடு மிஷன். வேலூர் வட்டாரத்தின் பல ஆலயங்கள் அந்த மிஷனின் கனிகள். ஆம்பூர்ப் பக்கத்தில் ஊழியம் செய்த மிசூரி லுத்தரன் மிஷனெரிகளோ பலிபீடத்தையும் மெழுகுவர்த்தியையும் வண்ண விரிப்புகளையும் கைவிடாத மரபினர். ஆக, நம்முடைய இந்தச் சிறு வட்டாரத்துக்குள்ளேயே வெறும் வெள்ளைச் சுவரை நேசித்த கிறிஸ்தவர்களும், நிறங்களை நேசித்த கிறிஸ்தவர்களும் சில மைல் தொலைவில் வாழ்ந்திருக்கிறார்கள். கர்த்தர் இரு சாராரையும் ஆசீர்வதித்தார்.

வெள்ளை என்று சொல்லும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும். வீடு முழுவதும் வெள்ளையாய் இருப்பதைக் கண்டு ஒரு பாட்டி "வெறிச்சென்று இருக்கிறதே" என்று முகம் சுளித்தால் அது வெறும் பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள். தமிழ் மண்ணில் வெள்ளைச் சேலை நெடுங்காலம் கைம்பெண்ணின் அடையாளமாக இருந்தது. அந்த நிறத்தையே மணப்பெண்ணுக்கு உடுத்தி ஆலயத்துக்குள் அழைத்துவந்தது கிறிஸ்தவ வழக்கம். அந்த மாற்றம் நம் குடும்பங்களுக்குள் முழுமையாக இறங்கப் பல தலைமுறைகள் ஆயின. முதியோர் மனதில் இரண்டு அர்த்தங்களும் இன்றும் அருகருகே இருக்கின்றன.

இனி ஆலயத்துக்குள் வருவோம். ஆதித் திருச்சபையில் காலத்துக்கேற்ற நிறம் என்ற விதி இருக்கவில்லை. புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் வெள்ளை உடுத்தினார்கள், அவ்வளவே. 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பின்பு மூன்றாம் இன்னொசெந்து என்ற பெயரில் போப்பான லொத்தாரியோ, ரோமாபுரித் திருச்சபையின் வழக்கத்தை எழுதிவைத்தார். பண்டிகைகளுக்கு வெள்ளை, இரத்தசாட்சிகளுக்குச் சிவப்பு, மனந்திரும்புதலின் காலங்களுக்குக் கறுப்பு, மற்ற நாட்களுக்குப் பச்சை. ஊதா அந்நாளில் கறுப்பின் ஒரு சாயலாகவே எண்ணப்பட்டது. பிற்பாடு அட்வெந்து காலத்துக்கு ஊதா நிலைத்தது. நம் ஆலயத்தில் நான்கு வாரங்கள் ஊதா விரிப்பைக் காண்கிறீர்கள். டிசம்பர் 24 இரவு அது வெள்ளையாகிறது. பிரசன்னத் திருநாளாகிய ஜனவரி 6 வரை வெள்ளையே இருக்கிறது. ஒரே நிறந்தான், ஆனால் அது யாருடைய ரசனையையும் பொறுத்ததன்று. அது ஒரு கடிகாரம். எழுத்தறியாத விசுவாசியும் விரிப்பைப் பார்த்து, இது காத்திருக்கும் நேரமா, களிகூரும் நேரமா என்று அறிந்துகொண்டார்.

இப்போது பல நிறங்களின் கதை. 1605-ஆம் ஆண்டளவில் ஸ்திராஸ்பூர்க் நகரத்து வீடுகளில் நட்ட கிறிஸ்துமஸ் மரத்தைப் பற்றிய ஒரு பழைய குறிப்பில், பல வண்ணக் காகிதத்தில் வெட்டிய ரோஜாக்கள், ஆப்பிள்கள், மெல்லிய அப்பங்கள், சர்க்கரைப் பண்டங்கள் தொங்கியதாகச் சொல்லப்படுகிறது. நாமறிந்த கிறிஸ்துமஸ் மரம் தொடக்கத்திலேயே பல நிறத்தது. ஆனால் வண்ணம் வாங்கும் வசதி எல்லாருக்கும் இல்லை. வேதாகமத்தில் இரத்தாம்பரம் விற்ற லீதியாளைப் பற்றிப் படிக்கிறோமே, அந்தச் சாயம் கடல் நத்தைகளிலிருந்து துளித்துளியாக எடுக்கப்பட்டது; அரசர்களும் செல்வந்தர்களும்தான் உடுத்தமுடிந்தது. 1856-இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது மாணவர், மலேரியாவுக்கு மருந்தாகும் குயினைனைச் செயற்கையாகச் செய்ய முயன்றபோது, நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த பொருளில் ஓர் ஊதாச் சாயத்தைக் கண்டார். அதன்பின் அடுத்தடுத்து வந்த செயற்கைச் சாயங்கள் துணியையும் காகிதத்தையும் ஏழைக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தன. நம் தெருக்களில் மூங்கில் சிம்பைக் கட்டி, மைதா பசையால் வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே ஒரு விளக்கை வைத்துத் தூக்கிய நட்சத்திரங்கள் அந்த மலிவின் பிள்ளைகள். வெள்ளைச் சுவரையன்றி வேறு அறியாத வீட்டில் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் ஒன்றாய் ஒளிர்ந்ததைப் பார்த்த தலைமுறைக்கு, நிறங்களின் கலவையே மகிழ்ச்சியின் பெயராயிற்று. இன்று அவர்கள் ஒரே நிறத்தைக் கண்டு ஏன் திகைக்கிறார்கள் என்பது இதிலிருந்து விளங்கும்.

(நட்சத்திரத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. மொராவியச் சகோதரர்கள் தரங்கம்பாடியில் வாழ்ந்ததால் அவர்களே நட்சத்திரம் தொங்கவிடும் வழக்கத்தை நமக்குக் கற்பித்தார்கள் என்று எண்ணத் தோன்றும். அவர்கள் 1760-இல் அங்கு வந்தார்கள். 1803-இல் அந்தப் பணி முடிந்தது. அவர்களுடைய புகழ்பெற்ற பல முனைக் காகித நட்சத்திரமோ, ஜெர்மனியில் நீஸ்கி ஊரின் மொராவியப் பள்ளியில் 19-ஆம் நூற்றாண்டில் உருவானது. ஆண்டுக்கணக்கு ஒத்துவரவில்லை.)

ஒரே நிற அலங்காரம் ஒரு கடைச்சரக்காக வந்த வரலாறும் உண்டு. இளையவர்கள் இதை அவசியம் அறியவேண்டும். 1959-இல் அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்து மனிடோவாக் ஊரிலிருந்த ஓர் அலுமினியத் தொழிற்சாலை வெள்ளி நிறக் கிறிஸ்துமஸ் மரங்களைப் பெருமளவில் செய்து விற்கத் தொடங்கியது. மரம் முழுவதும் உலோகத்தாள். அதில் மின்விளக்குச் சரம் சுற்றினால் மின்சாரம் பாயும் அபாயம் இருந்தது. எனவே தரையில் ஒரு விளக்கை வைத்து, அதன்முன் நான்கு நிறக் கண்ணாடித்தாள் பொருத்திய ஒரு சக்கரம் மெல்லச் சுழலும்படி செய்தார்கள். மரம் நீலமாகும், சிவப்பாகும், பச்சையாகும். நிறங்களை வீட்டிலிருந்து வெளியேற்றியவர்கள் அவற்றைச் சக்கரத்தில் ஏற்றி மறுபடியும் உள்ளே அழைத்துவந்தார்கள் என்பது எனக்குச் சற்றே நகைப்பாக இருக்கிறது. சில ஆண்டுகள் அந்த மரம் இலட்சக்கணக்கில் விற்றது. 1965-இல் வெளியான சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ் தொலைக்காட்சிப் படம், பண்டிகை வியாபாரமாகிவிட்டதற்கு அடையாளமாக அந்த அலுமினிய மரத்தையே காட்டியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மோகம் தணிந்து, மரங்கள் நிலவறைகளுக்கும் குப்பைமேடுகளுக்கும் போயின. அவற்றை வாங்கியவர்கள் அதற்கு முன்பு எவற்றைத் தூக்கியெறிந்தார்கள் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை.

அங்கேதான் என் கவலை. ஒரே நிறம் என்று தீர்மானித்த கணமே, வீட்டில் ஏற்கெனவே இருப்பதில் பாதி தகுதியற்றதாகிவிடுகிறது. புதியவற்றை வாங்கச் சென்னைப் பாரிமுனைக்கோ பெங்களூர்ச் சிக்பேட்டைக்கோ ரயிலேறவேண்டும். நம்மில் பலர் தோல் தொழிற்சாலையிலும் காலணித் தொழிற்சாலையிலும் வேலை செய்கிறவர்கள். ஆர்டர் குறைந்த ஆண்டில் கையில் வரும் பணம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். பழைய சுண்ணாம்பு வெள்ளை, காசில்லாதவரின் ஒரே நிறம். இன்றைய ஒரே நிறம், வாங்கவும் ஒதுக்கவும் வசதி உள்ளவரின் நிறம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

வேதம் என்ன காட்டுகிறது? யாத்திராகமம் 35-ஆம் அதிகாரத்தில் ஆசரிப்புக்கூடாரத்துக்காக ஜனங்கள் கொண்டுவந்தவற்றைக் கவனியுங்கள். ஒருவரிடம் இளநீல நூல் இருந்தது, ஒருவரிடம் இரத்தாம்பரம், ஒருவரிடம் சிவப்பு, ஒருவரிடம் வெள்ளாட்டு மயிர். சிவப்புச் சாயம் ஏற்றிய ஆட்டுக்கடாத் தோலும் வந்தது. தோல் பதனிட்டவருடைய கைவேலை தேவனுடைய வாசஸ்தலத்துக்குக் கூரையாயிற்று என்பதை நம் ஊரார் மறக்கக்கூடாது. கொடுத்தவர்கள் பலராக இருந்ததனால் கூடாரம் பல நிறமாயிற்று. ஆனால் லேவியராகமம் 16-இல், ஆண்டுக்கொருமுறை வரும் பாவநிவாரண நாளில், ஆரோன் பொன்னும் வண்ணமும் கலந்த தன் மகிமையின் வஸ்திரங்களை விட்டு, வெறும் சணல்நூல் உடையோடு மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகவேண்டும். ஆகவே ஒரே நிறமும் வேதத்துக்கு அந்நியமானதன்று. ஆரோன் கழற்றிய வண்ண உடையோ எறியப்படவில்லை. பணி முடிந்ததும் அவன் தன் வஸ்திரங்களை மீண்டும் உடுத்திக்கொண்டான்.

பிள்ளைகளே, உங்கள் வீட்டை வெள்ளையாக ஜோடியுங்கள், தடையில்லை. வீட்டிலிருக்கும் வெள்ளை வேட்டி, படுக்கை விரிப்பு, தாள், அரிசிமாவுக் கோலம் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். நான்கு வாரங்கள் ஒன்றும் தொங்கவிடாமல் ஒரே ஓர் ஊதாத் துணியை மேசையில் விரித்துவைத்து, 24 இரவு அதை மாற்றிப்பாருங்கள். எந்தக் கடையிலும் கிடைக்காத அழகு அதில் இருக்கும். பெரியவர்களே, பிள்ளைகளின் வெள்ளை மரத்தைப் பார்த்து "நாகரிகம்" என்று சொல்லுமுன், உங்கள் தாய் மட்டையும் சுண்ணாம்புமாய் நின்ற டிசம்பரை நினைத்துப்பாருங்கள். வாசலில் தொங்கும் நட்சத்திரம், மறைந்த தகப்பனார் கையால் ஒட்டியதாக இருந்தால், அது எந்த நிறமானாலும் வாசலிலேயே இருக்கட்டும். அதைக் குறித்து மட்டும் நான் விட்டுக்கொடுக்க ஆயத்தமாக இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை மாலை, ஆலய வளாகத்தில் வாலிபர் ஐக்கியத்தார் மூங்கில் சிம்பும் பசையும் வண்ணத்தாளும் வைத்திருப்பார்கள். பரண்மேல் கிழிந்து கிடக்கும் நட்சத்திரங்களைக் கொண்டுவாருங்கள், ஒட்டித் தருவார்கள். 24 இரவு ஆராதனைக்கு முன் விரிப்பு மாற்ற, பெண்கள் ஐக்கியத்திலிருந்து நான்கு பேர் தேவை.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஆயர்