ஜாக்கி சிரிக்காத காலம்

தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் வீடியோ கேசட் கடை வைத்திருந்தேன். ஜாக்கி சானுக்கென்றே தனி அடுக்கு. வாடகை நாளுக்கு 10 ரூபாய். ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் 'ஷாவோலின் வுட்டன் மென்' எடுத்துப் போனான். அட்டையில் நாற்பது வயது ஜாக்கி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையிலேயே கேசட் மேசைக்குத் திரும்பி வந்தது.

"அண்ணே, இதுல ஜாக்கி சிரிக்கவே இல்லண்ணே. பேசவும் மாட்டேங்கிறாரு. காசைக் குடுங்க."

பையன் சொன்னது நியாயம்தான். 1976-இல் வந்த அந்தப் படத்தின் பெரும்பகுதியில் ஜாக்கி ஊமையாக வருகிறார். வேலை, மரப் பொம்மைகளிடம் அடி வாங்குவது. அட்டைக்காரன் செய்த மோசடிக்குக் கடைக்காரன் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த மோசடியின் வேர் ஹாங்காங்கில் இருக்கிறது. 1972-இல் புரூஸ் லீயின் 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி' வந்தது. அதில் புரூஸ் லீ உதைத்ததும் வில்லன் சுவரைப் பிய்த்துக்கொண்டு பறப்பார். பறந்தது வில்லனுக்கு டூப் போட்ட ஜாக்கி. மறு வருடம் புரூஸ் லீ இறந்துபோனார். வாய்ப்பு வற்றிப்போன ஜாக்கி, பெற்றோர் வேலை பார்த்த ஆஸ்திரேலியாவின் கான்பெராவுக்குப் போய்க் கட்டட வேலை செய்தார். 'ஜாக்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அங்கேதான். 1976-இல் ஹாங்காங் படத் தயாரிப்பாளர் வில்லி சானிடமிருந்து தந்தி வந்தது. அவர் மூலம் கூப்பிட்டவர் 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி'யை இயக்கிய அதே லோ வெய். அடுத்த புரூஸ் லீ வேண்டுமாம். உதை வாங்கியவனை உதைத்தவனின் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்! புரூஸ் லீயின் சீனப் பெயருக்குக் குட்டி டிராகன் என்று பொருள். ஜாக்கிக்கு வைத்த பெயரோ 'டிராகனாக ஆகு' என்பது. பெயரிலேயே கட்டளை.

முதல் படம் 'நியூ ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி' ஊத்திக்கொண்டது. பிறகு வரிசையாகப் பழிவாங்கும் படங்கள். முறைப்பு, நீள முடி, இறந்துபோன அப்பா அல்லது ஆசான். 'கில்லர் மீட்டியர்ஸ்' கேசட்டை ஜாக்கி படம் என்றுதான் நானும் வாடகைக்கு விட்டேன். போட்டுப் பார்த்தால் நாயகன் ஜிம்மி வாங் யூ, ஜாக்கி வில்லன். 'மேக்னிஃபிசென்ட் பாடிகார்ட்ஸ்' 3டி-யில் எடுத்தது. கண்ணாடி இல்லாமல் டெக்கில் பார்க்கும்போது, எதிரியை விட்டுவிட்டு ஏன் எல்லாரும் என்னைக் குத்த வருகிறார்கள் என்றிருந்தது. நடுவில் 'ஸ்டார் வார்ஸ்' இசை வேறு, கேட்காமல் எடுத்த கைமாற்றாக. 'ஸ்பிரிச்சுவல் குங்ஃபூ'வில் சிவப்பு முடியும் வெள்ளை மூஞ்சியுமாக ஐந்து பேய்கள் வந்து ஜாக்கிக்குச் சண்டை சொல்லித்தருகின்றன. எங்கள் ஊர்ப் பேய்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

இந்த வரிசையில் நான் ஒளித்துவைத்து ரசித்த படம் 'ஹாஃப் எ லோஃப் ஆஃப் குங்ஃபூ'. இயக்கம் சென் சி-ஹ்வா. பெயர் போடும்போதே ஜாக்கி மற்ற குங்ஃபூ படங்களின் தொடக்கத்தைக் கேலி செய்ய ஆரம்பித்துவிடுகிறார். குருட்டு வாள்வீரன் சடோயிச்சி வேஷம்கூட உண்டு. கதையில் அவருக்குச் சண்டையே சரியாக வராது. அடி விழுந்தால் வலிக்கிறது, முகம் கோணுகிறது. லோ வெய்க்குப் பிடிக்கவில்லை. 1978-இல் முடிந்த படத்தைப் பெட்டியில் தூங்கவிட்டார்.

ஓடாத குதிரையை வைத்திருப்பானேன் என்று அவர் ஜாக்கியை இங் சீ-யுவென் கம்பெனிக்கு இரண்டு படங்களுக்கு இரவல் கொடுத்தார். அங்கே யுவென் வூ-பிங் இயக்கத்தில் அதே 1978-இல் 'ஸ்நேக் இன் தி ஈகிள்ஸ் ஷேடோ', 'ட்ரங்கன் மாஸ்டர்' இரண்டும் வந்தன; இரண்டும் பிய்த்துக்கொண்டு ஓடின. தூங்கிய பெட்டி 1980-இல் திறந்தது. ஜாக்கி கோல்டன் ஹார்வெஸ்ட் கம்பெனிக்குப் போன பிறகும் லோ வெய் விடவில்லை. பாதியில் நின்ற 'ஃபியர்லெஸ் ஹைனா'வின் இரண்டாம் பாகத்தைப் பழைய துண்டுகளையும் டூப்பையும் வைத்து ஒட்டி 1983-இல் வெளியிட்டார்கள். டூப் போட்டுத் தொடங்கியவருக்கே டூப்.

பையன் கதைக்கு வருகிறேன். காசைத் திருப்பித் தர மனமில்லை. அடுக்கின் பின்னாலிருந்து 'ஹாஃப் எ லோஃப்' எடுத்துக் கொடுத்தேன். "இதுலயாவது சிரிப்பாராண்ணே?" என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனான். மூன்று நாள் கழித்துத்தான் திரும்பி வந்தான். இரண்டு நாள் தாமதத்துக்கு 20 ரூபாய் என்றேன். வாயே திறக்காமல் எண்ணி வைத்தான்.