நடுக்கம் என்னும் சொல்

தைமாத விடியற்காலையில் தில்லித் தெருவில் நிற்கும் நம்மவர், "பல் தந்தி அடிக்கிறது" என்பார். பக்கத்தில் நிற்கும் இந்திக்காரர் அந்நிலையைக் 'காம்ப்னா' என்பார். அது வடமொழியின் 'கம்ப்' என்னும் வேரினின்று பிறந்தது. பூகம்பத்திலுள்ள கம்பமும் அவ்வேரினதே. பூகம்பத்தை நாம் நிலநடுக்கம் என்றும் வழங்குகிறோம். 'நடுக்கம்' நமக்கு மட்டும் உரிய சொல்லன்று. கன்னடத்தார் 'நடுக' என்பர். மலையாளத்தாரும் நடுக்கம் என்பர். ஆயினும் அவர்கள் அதனைப் பெரும்பாலும் உள்ளத்து அதிர்ச்சிக்கே வைத்துக்கொண்டு, குளிரால் வரும் உடல் நடுக்கத்தை 'விறயல்' என்கின்றனர்.

இச்சொல்லின் பழமை எத்தகையது? தொல்காப்பிய உரியியல், 'அதிர்வு', 'விதிர்ப்பு' என்னும் இரு சொற்களுக்கும் நடுக்கம் என்று பொருள் கூறுகிறது. எளிதில் விளங்காத சொல்லுக்கே பொருள் கூறவேண்டும் என்பது அவ்வியலின் நெறி. எனவே, நடுக்கம் அன்றே யாவர்க்கும் விளங்கிய சொல்லாதல் வேண்டும். திருவள்ளுவர் 429ஆம் குறளில் நடுங்க வரும் துன்பத்தை 'அதிர' என்னும் சொல்லாலேயே குறித்தார். இன்றோ அதிர்வு என்றால் முரசும் இயந்திரமுமே நினைவுக்கு வருகின்றன. விதிர்ப்பு, 'விதிர்விதிர்த்துப் போனான்' என்னும் வழக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடுக்கமோ பொருள் மாறாமல் நம் நாவில் நிற்கிறது.

நடுங்குகிறவனைக் கோழை என்று நகைப்பது உலக வழக்கம். பழைய இலக்கணம் அவ்வாறு கருதவில்லை. மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைத்தது. நடுக்கத்தையோ 'நடுக்கு' என்னும் பெயரால், வேறாக எண்ணிய முப்பத்திரண்டின் இறுதியில் வைத்தது. உரையாசிரியருள் ஒருவரான பேராசிரியர் அச்சத்தால் வரும் நடுக்கத்தோடு அன்பால் வரும் நடுக்கத்தையும் காட்டுகிறார். பிள்ளைகளுக்கு நோயில்லாத போதும் 'என்ன நேருமோ' என்று பெற்றோர் உள்ளம் நடுங்குவதே அது.

ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு இதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. தந்திச் சேவகர் வாசலில் நின்றால், உறையைப் பிரிக்குமுன்பே கை நடுங்கிய காலம் ஒன்றிருந்தது. 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்திச் சேவை முடிவுற்றது. பல் அடிக்கும் தந்தி மட்டும் பேச்சு வழக்கில் எஞ்சியது. இன்று நள்ளிரவில் தொலைபேசி ஒலித்தால், ஊரிலுள்ள முதிய தாய் தந்தையரை நினைத்து அதே கை நடுங்குகிறது. அதைக் கண்டு நாணவேண்டியதில்லை. அந்நடுக்கத்திற்கு அன்பு என்று பெயரிட்டுச் சென்ற உரை நம் மொழியில் இருக்கிறது.