கேம்பல் பே: கடல் சூழ்ந்த கலங்கரை விளக்கமும் ஆமைகளின் கடற்கரையும்

அந்தமான் நிகோபாரின் தென்கோடித் தீவான கிரேட் நிகோபாரின் முக்கிய ஊர் கேம்பல் பே. பஞ்சாப், தமிழகம் உள்ளிட்ட மாநிலங்களைச் சேர்ந்த முன்னாள் ராணுவத்தினரின் குடும்பங்கள் 1969 முதல் இங்கு குடியமர்த்தப்பட்டன.

இந்திரா முனை: இந்திய ஆட்சிப்பகுதியின் தென்கோடி. முன்பு பிக்மேலியன் முனை எனப்பட்டது. 1972-ல் இங்கு கலங்கரை விளக்கம் செயல்பாட்டுக்கு வந்தது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் நிலம் சுமார் 4 மீட்டர் தாழ்ந்தது. சுனாமியில் அங்கிருந்த பலர் உயிரிழந்தனர். கரையில் நின்ற விளக்கத்தின் அடிப்பகுதியைக் கடல் சூழ்ந்தது.

கலத்தியா விரிகுடா: 1846-ல் நிகோபார் வந்த டென்மார்க் ஆய்வுக் கப்பலின் பெயரைத் தாங்கியது. உலகின் மிகப்பெரிய கடலாமையான தோணி ஆமை முட்டையிடும் முக்கியக் கடற்கரை இது. இங்கு சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம் அமையவுள்ளது. 2022-ல் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. ஆமைகளின் வாழ்விடம் பாதிக்கப்படும் எனச் சூழலியலாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்து வருகின்றனர்.

மவுண்ட் துல்லியர்: 642 மீட்டர் உயரம்; நிகோபார் தீவுக்கூட்டத்தின் மிக உயர்ந்த சிகரம்.

போர்ட் பிளேரிலிருந்து (ஸ்ரீ விஜயபுரம்) கப்பலில் கேம்பல் பே செல்லலாம். ஷோம்பென், நிகோபாரி மக்கள் வாழும் பழங்குடியினர் காப்புப் பகுதிகளுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். பயணத் திட்டத்துக்கு முன் மாவட்ட நிர்வாகத்தின் அப்போதைய விதிமுறைகளை அறிந்துகொள்வது அவசியம்.